பால் குடுக்குறேன், இன்னும் தீட்டு வரல, அவுக லீவுல வர்றாக: இப்ப எதைப் போட்டுக்கிறது?

வயசுல நான் மூத்தவ, அதனால நீன்னே சொல்றேன் தாயி, தப்பா எடுத்துக்காத. நீ எழுதுனதை ரெண்டு தடவ படிச்சேன். மொதப் பிள்ளைக்கு 3 மாசம் ஆச்சு, சிசேரியன், தாய்ப்பால் தான் ஆனா ராத்திரிக்கு ஒரு பாட்டில் பவுடர் பால் போகுது, இன்னும் தீட்டு வரல, கடைசி மாசம் பிரஷருக்கு மாத்திரை சாப்பிட்ட, வீட்டுக்காரரு சிங்கப்பூர்ல, பிரசவத்துக்குக் கூட வர முடியல, தீவாளிக்கு 25 நாள் லீவுல வர்றாக, அதுக்கு இன்னும் 5 வாரம் கெடக்கு. அடுத்ததுக்கு 3 வருஷமாச்சும் போகட்டும்னு ரெண்டு பேரும் பேசிக்கிட்டீக. அயித்தை "பால் குடிக்கிற வரைக்கும் ஒண்ணும் தங்காது"ங்குறாக, அம்மா "காப்பர் டி போட்டா நெஞ்சுக்கு ஏறிரும்"ங்குறாக, பக்கத்து வீட்டு ஆச்சி "பேசாம ஊசி போட்டுக்க"ங்குறாக. நீ யார் பேச்சைக் கேக்குறதுன்னு தெரியாம நிக்கிற.

நான் காரைக்குடி தேவகோட்டை சுத்துவட்டாரத்துல 30 வருஷத்துக்கு மேல கிராம சுகாதார நர்சா இருந்து ரிட்டயர் ஆனவ. டாக்டர் இல்ல, அதனால உன்னைப் பாத்து பரிசோதிச்சு முடிவு சொல்ல வேண்டியது டாக்டர் தான், ஆனா வீடு வீடா முகப்புத் திண்ணையில உக்காந்து இந்தப் பேச்சை ஆயிரம் தடவ பேசிருக்கேன், அந்த உரிமையில சொல்றேன்.

எதைப் போடுறதுன்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணு. பீரோவுல இருக்குற டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பாரு. அதுல எங்கயாச்சும் காப்பர் டின்னோ (கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற சின்னக் கருவி), பி.பி.ஐ.யு.சி.டி.ன்னோ (பிரசவத்தோடயே அதை வச்சா எழுதுற சுருக்கம்) எழுதிருக்கான்னு பாரு. சிரிக்காத. சிசேரியன் பண்றப்ப நஞ்சுக்கொடி எடுத்த உடனே அப்பிடியே காப்பர் டி வச்சுத் தைக்கிறது உண்டு, அது நல்ல முறை தான், தனியா ஒரு தடவ வலி இல்ல. முன்னாடியே கேட்டு, சம்மதம் வாங்கி, அட்டை போட்டுக் குடுக்கணும், அது தான் விதி, ஆனா மயக்கத்துல இருக்குறப்ப காதுல ஏதோ சொல்லி கையெழுத்து வாங்கிட்டு பிறகு எடுத்துச் சொல்லாம விட்டதை நான் பாத்துருக்கேன். ஒரு பொண்ணு ரெண்டாவது பிள்ளை தங்கலைன்னு குன்றக்குடி பிள்ளையார்பட்டின்னு கோயில் கோயிலா ரெண்டு வருஷம் நடந்தா, கடைசில ஸ்கேன்ல பாத்தா உள்ள காப்பர் டி உக்காந்துருக்கு, அவளுக்கும் தெரியாது, அவ அம்மாவுக்கும் தெரியாது. எந்த ஆஸ்பத்திரின்னு இங்க வேண்டாம். சிசேரியன்ல வைக்கிறப்ப காப்பர் டியோட நூலு உடனே கீழ வந்துருக்காது, சில பேருக்கு வரவே வராது, அதனால தொட்டுப் பாத்து இல்லைன்னு முடிவு பண்ணாத, சீட்டுல சந்தேகமா இருந்தா ஒரு ஸ்கேன் போதும்.

சரி, அங்க ஒண்ணும் வைக்கலைன்னு வச்சுக்குவோம்.

அயித்தை சொல்றது முழுப் பொய்யில்ல, பாதி உண்மை, பாதி உண்மை தான் ரொம்ப ஆபத்து. தாய்ப்பால் குடுக்குறப்ப முட்டை வெளிய வர்றது தள்ளிப்போகும், சரியா செஞ்சா 100க்கு 98 பேருக்கு மேல காப்பாத்தும். ஆனா அதுக்கு மூணும் ஒண்ணா இருக்கணும்: பிள்ளைக்கு 6 மாசம் முடிஞ்சிருக்கக் கூடாது, ஒரு தடவ கூட தீட்டு திரும்பிருக்கக் கூடாது, பிள்ளைக்கு தாய்ப்பாலைத் தவிர பவுடர் பாலோ கஞ்சியோ தண்ணியோ எதுவும் போகாம, பகல்ல 4 மணி நேரத்துக்கு மேல, ராத்திரில 6 மணி நேரத்துக்கு மேல இடைவெளி விடாம மார்ல போட்டுக்கிட்டே இருக்கணும். உனக்கு ராத்திரி பாட்டில் வந்துருச்சு. அந்த ஒரு பாட்டில்ல மூணாவது கால் உடைஞ்சு போச்சு, முக்காலி நிக்காது. அயித்தை காலத்துல புட்டிப்பால் கெடையாது, பிள்ளை ராப்பூரா மார்லயே கெடக்கும், அவுகளுக்கு அது சரியா இருந்துருக்கும், அவுகளைக் குத்தம் சொல்ல வேண்டாம். (பால் பத்தலைன்னு நீயா முடிவு பண்ணிப் பாட்டில் குடுக்குறியா, டாக்டர் சொன்னாகளான்னு தெரியல, பிள்ளை எடை ஏறுதுன்னா, ஒண்ணுக்கு நல்லாப் போகுதுன்னா பால் பத்துதுன்னு தான் அர்த்தம், அது தனிக் கதை.)

இன்னொண்ணு ஊரு பூரா நம்புறது, "மொதல்ல தலைக்கு ஊத்தட்டும் (தீட்டு வரட்டும்), அதுக்கப்புறம் பாத்துக்கலாம்"ங்குறது. முட்டை தான் மொதல்ல வரும், அது தங்காமப் போனா ரெண்டு வாரம் கழிச்சுத் தீட்டு வரும். அந்த மொத முட்டையே தங்கிட்டா தீட்டு வராது, நீ பால் குடுக்குறதால வரலைன்னு நெனச்சுக்கிட்டு இருப்ப. 9 மாசத் தடுப்பூசிக்குப் பிள்ளையைத் தூக்கிட்டு வந்த ஒருத்தி "பித்தமா இருக்கு நர்சம்மா, சோறே இறங்கல"ன்னா, வயித்துல கை வச்சா 4 மாசம். பிரசவத்துக்கும் அதுக்கும் நடுவுல ஒரு நாள் கூட அவ தீட்டாகல. அவ வீட்டுக்காரர் துபாயிலருந்து ஒரு மாச லீவுல வந்துட்டுப் போனவரு. புட்டிப்பால் மட்டும் குடுக்குறவங்களுக்கு இன்னும் சீக்கிரம், பிரசவம் ஆகி 4 வாரத்துலயே முட்டை வந்துரலாம், அதனால அவங்க மூணாவது வாரத்துலருந்தே ஜாக்கிரதையா இருக்கணும்.

உனக்கு ஏன் இடைவெளி முக்கியம்னா, சிசேரியன். வெளித் தையல் காஞ்சு போனது தெரியும், உள்ள கர்ப்பப்பை தையல் பலப்பட நாளாகும். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் நடுவுல ரெண்டு வருஷம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்றது எல்லாருக்கும் தான், உனக்கு அது இன்னும் கண்டிப்பு. சீக்கிரம் தங்கி வலி எடுத்தா தையல் விடுற ஆபத்து கூடும், ரத்தசோகையும் சேந்துக்கும். "நம்மள்ல புள்ளி (குடும்பக் கணக்கு) கொறைஞ்சுக்கிட்டே வருது, சட்டுன்னு ரெண்டாவதையும் பெத்துருங்க"ன்னு சொல்ற பெரியவுக நம்ம பக்கம் நெறையா, அவுக கவலை அவுகளுக்கு நியாயம், ஆனா புள்ளிக் கணக்கு உன் வயித்துல எழுதுற கணக்கில்ல. பெரியார் 1930லயே குடிஅரசு பத்திரிகைல கர்ப்பத்தடை பத்தி எழுதுறப்ப, மத்தவங்க குடும்ப வரவு செலவு, உடம்பு சுகம்னு காரணம் சொல்றாக, நான் பொம்பளைங்க விடுதலைக்காகச் சொல்றேன்னு தான் எழுதுனாரு. கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆகப்போகுது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். எங்கிட்ட யாரு வந்தாலும் "எது நல்லது"ன்னு கேப்பாக, நான் திருப்பிக் கேக்குறது "எத்தனை வருஷத்துக்கு, வீட்டுக்காரரு ஊர்ல இருக்காரா" இந்த ரெண்டு தான். நீ 3 வருஷம்னு சொல்ற, அவுக வருஷத்துல ஒரு மாசம் தான் இருப்பாக. வெளிநாட்டு வீடுகள்ல ஒரு பழக்கம் பாத்துருக்கேன், அவுக ஊர்ல இல்லாதப்ப எதுக்கு மாத்திரைன்னு சும்மா இருந்துட்டு, திருச்சி ஏர்போர்ட்டுக்கு வண்டி கெளம்புறப்ப தான் நெனைப்பு வரும். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறது தான் மொத நாள் அடிச்சாலும் வெளுக்கும், இது அப்பிடி இல்ல, பாதி முறைகளுக்கு உடம்புல பிடிக்கவே நாளு வேணும். உனக்குக் கையில 5 வாரம் இருக்கு, அதுவும் அவுக பிரசவத்துக்கே வராததால நீ இப்ப கர்ப்பமா இல்லைங்குறது நிச்சயம், டாக்டருக்குச் சந்தேகமே வராது, தீட்டு வரட்டும்னு காத்திருக்க வேண்டாம், எதையும் இப்பவே ஆரம்பிக்கலாம்.

எனக்குக் கேட்டா உனக்கு மொத யோசனை காப்பர் டி தான். பிரசவம் ஆன 48 மணி நேரத்துக்குள்ள வைக்கலைன்னா ஒன்றரை மாசம் கழிச்சு வைப்பாக, உனக்கு அது தாண்டியாச்சு. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில இலவசம், 5 வருஷத்துக்கு 375ங்குற வகையும் இருக்கு, 10 வருஷத்துக்கு 380 ஏங்குற வகையும் இருக்கு, 10 வருஷம்னா 10 வருஷமும் வச்சிருக்கணும்னு கட்டாயம் இல்ல, நீ கேட்ட அன்னைக்கு எடுத்துருவாக, எடுத்த மாசமே தங்கலாம். பாலுக்கு ஒண்ணும் ஆகாது, அதுல ஹார்மோன் கெடையாது, செம்பு தான் விந்தணுவை முடக்குது. அவுக ஊர்ல இல்லாத 11 மாசமும் அது பாட்டுக்கு சும்மா கெடக்கும், நீ எதையும் ஞாபகம் வச்சுக்க வேண்டாம், யாருக்கும் தெரியவும் வேண்டாம்.

அம்மா சொல்ற நெஞ்சுக்கு ஏறுற கதைக்கு வர்றேன். நம்ம ஊரு வீட்டுல முகப்புல நின்னு பாத்தா வளவு, ரெண்டாங்கட்டு, மூணாங்கட்டு தாண்டி பின்வாசல் வழியா அடுத்த தெருவே தெரியும், கர்ப்பப்பை அப்பிடிக் கட்டுன வீடு இல்ல. அது மூடுன பை. உள்ள போனது நெஞ்சுக்குப் போறதுக்கு வழியே கெடையாது. ஆனா இந்தக் கதை எங்கருந்து வந்துச்சுன்னா, ரொம்ப அபூர்வமா, ஆயிரத்துல ஒருத்தருக்குங்குற மாதிரி, வைக்கிறப்பவே பையோட சுவத்தைத் தாண்டி வயித்துக்குள்ள போயிரும், அப்ப லேப்ராஸ்கோப்ல எடுக்கணும். பால் குடுக்குறவங்களுக்குக் கர்ப்பப்பை மெத்துன்னு இருக்கும், அந்த வாய்ப்பு மத்தவங்களை விடக் கொஞ்சம் கூட, அதனால தான் சொல்றேன், கை பழகுன ஆளா பாத்துப் போட்டுக்க, சிசேரியன்னு மொதல்லயே சொல்லிரு. 20ல ஒருத்தருக்கு அதுவா நழுவி வெளிய வந்துரும், பெரும்பாலும் மொத வருஷத்துல, தீட்டுல கலந்து போயிட்டா தெரியக் கூடத் தெரியாது, அதுக்குத் தான் அப்பப்ப நூலைத் தொட்டுப் பாக்கச் சொல்றது. துருப்பிடிக்காது. ஆம்பளைக்குக் குத்தாது, நூலு நீட்டமா இருந்து உறுத்துனா கொஞ்சம் வெட்டி விடச் சொல்லு, 2 நிமிஷ வேலை.

காப்பர் டில உண்மையான தொந்தரவு வேற, அதை யாரும் சொல்றதில்ல. தீட்டு திரும்புறப்ப மொத 3 லருந்து 6 மாசம் உதிரம் கூடப் படும், வயித்து வலியும் கூட இருக்கும். அதனால ஹீமோகுளோபின் பாத்துட்டு முடிவு பண்ணு. சிசேரியன்ல ரத்தம் போயிருக்கும், இரும்புச்சத்து மாத்திரையை மலம் கருப்பாப் போகுதுன்னு பாதிப் பேரு ஜன்னல் வழியா வீசிருவீக, எனக்குத் தெரியாதா. 8, 8.5ன்னு இருந்தா நான் காப்பர் டி சொல்ல மாட்டேன். வச்சப்புறம் காய்ச்சலோட அடிவயித்து வலியோ நாத்தமடிக்கிற வெள்ளைப்போக்கோ வந்தா அன்னைக்கே போகணும், அடுத்த புதன்கிழமை பாத்துக்கலாம்னு இருக்கக் கூடாது.

ரத்தம் கம்மியா இருந்தா, இல்ல உள்ள ஒண்ணை வைக்கவே மனசு ஒப்பலைன்னா, அடுத்தது சாயா மாத்திரை. குடிக்கிற சாயா இல்ல, பேரே அது தான். லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்துல கண்டுபிடிச்சது, 1991ல சஹேலின்னு கடைக்கு வந்துச்சு, இப்ப கவர்மெண்ட் சப்ளைல சாயா. இதுல ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரான் எதுவும் இல்ல, தாய்ப்பால் குடுக்குறவங்க தாராளமா சாப்பிடலாம், தீட்டு கொஞ்சம் தள்ளித் தள்ளி வரும், உதிரமும் கம்மியாப் படும், ரத்தசோகைக்காரங்களுக்கு அது லாபம். மொத 3 மாசம் வாரத்துக்கு ரெண்டு, ஞாயிறும் புதனும்னு வச்சுக்க, அதுக்கப்புறம் வாரம் ஒண்ணு. இந்த வாரம் ஆரம்பிச்சாலே தீவாளிக்குள்ள உடம்புல பிடிச்சிரும். கஷ்டம் என்னன்னா தெனம் சாப்பிடுறதை விட வாரம் ஒரு தடவ சாப்பிடுறது தான் மறக்கும், நான் காலண்டர்ல பொட்டு வச்சுக் குடுப்பேன், நீ போன்ல அலாரம் வச்சுக்க. ஒரு வாரத்துக்கு மேல விட்டுப்போச்சுன்னா மறுபடி மொதல்லருந்து வாரம் ரெண்டுன்னு ஆரம்பிக்கணும், அது வரைக்கும் காண்டம். பிசிஓடி (சினைப்பைல நீர்க்கட்டி) இருக்குறவங்க, மஞ்சக்காமாலை வந்து தேறுனவங்க, கிட்னி கோளாறு இருக்குறவங்களுக்கு ஆகாது. பிசிஓடிக்கு மருந்து சாப்பிட்டுப் பிள்ளை தங்குனவங்க இப்ப நெறையா, நீ அதுல ஒருத்தியான்னு சொல்லல, இருந்தா டாக்டர்கிட்ட மறைக்காத.

ஆச்சி சொல்ற ஊசி, அந்தரா. 3 மாசத்துக்கு ஒண்ணு, பால் குடுக்குறவங்க ஒன்றரை மாசம் கழிச்சுப் போட்டுக்கலாம், பாலுக்குக் கெடுதல் இல்ல, 2017லருந்து கவர்மெண்ட்ல குடுக்குறாக. நல்ல மருந்து தான், ஆனா நம்ம ஊருப் பொம்பளைங்க ஒரு ஊசியோட ஏன் நிறுத்துறாகன்னு எனக்குத் தெரியும். மொதல்ல கொஞ்ச மாசம் கண்ட நேரத்துல சொட்டுச் சொட்டாப் படும், ஒரு கணக்கு இருக்காது. உடம்புக்கு அதால ஆபத்து இல்ல, ஆனா சாமி வீட்டுல விளக்கேத்துறது, படைப்பு, செவ்வாய்ப் பொங்கல்னு வீட்டுல ஒவ்வொண்ணுக்கும் "நீ சுத்தமா இருக்கியா"ன்னு கேக்குறப்ப அது எவ்வளவு பெரிய தொல்லைன்னு ஊசி போடுறவங்களுக்குத் தெரியாது, பொம்பளைங்களுக்குத் தான் தெரியும். அதுவும் அவுக லீவுல வந்துருக்குற 25 நாளும் சொட்டிக்கிட்டு இருந்தா உனக்கு எப்பிடி இருக்கும் சொல்லு. போகப்போகத் தீட்டே நின்னுரும், கெட்ட ரத்தம் உள்ள தேங்குதுன்னு பயப்படுவாக, தேங்குறதில்ல, உள்ள சவ்வு வளரல அதனால வரல, அவ்வளவு தான். சில பேரு உடம்பு போடுவாக. நிறுத்துனப்புறம் கர்ப்பம் தங்க கடைசி ஊசியிலருந்து 7 லருந்து 10 மாசம் ஆகும், எலும்போட பலமும் போட்டுக்கிற வரைக்கும் கொஞ்சம் கொறையும், பிறகு திரும்பிரும். ஊர்லயே வீட்டுக்காரரோட இருக்குற, மறதிக்காரப் பொண்ணுக்கு நான் ஊசி தான் சொல்லுவேன். உனக்கு வருஷத்துல ஒரு மாசத்துக்காக 4 ஊசி போட்டுக்கிறது எனக்கு ஒப்பல.

"மாலா-என்"ங்குற தெனசரி கருத்தடை மாத்திரை உனக்கு இப்ப வேண்டவே வேண்டாம். அதுல ஈஸ்ட்ரோஜன் இருக்கு, பால் குடுக்குறவங்க 6 மாசம் வரைக்கும் தொடக் கூடாது, உனக்குப் பிரஷர் வேற இருந்துருக்கு. தங்கச்சி சாப்பிடுறா, அண்ணமிண்டி (அண்ணன் பொண்டாட்டி) சாப்பிடுறாகன்னு அவுக அட்டையிலருந்து கிழிச்சு வாங்கிச் சாப்பிடாத. பால் குடுக்குறவங்களுக்குன்னு ஈஸ்ட்ரோஜன் இல்லாத மாத்திரை தனியா இருக்கு, பிரைவேட்ல எழுதிக் குடுப்பாக, தெனம் ஒரே நேரத்துல முழுங்கணும். ஹார்மோன் உள்ள காப்பர் டி மாதிரி ஒண்ணு, மிரெனா, உதிரம் ரொம்பப் படுறவங்களுக்கு அருமையானது ஆனா பிரைவேட்ல சில ஆயிரம் ஆகும். கையில தோலுக்கு அடியில வைக்கிற குச்சியும் இருக்கு, 3 வருஷம் வரும், உன் கணக்குக்குச் சரியா இருக்கும், எல்லா எடத்துலயும் வைக்க மாட்டாக, கேட்டுப் பாரு. இதுலயும் அந்தராவுல சொன்ன சொட்டுத் தொல்லை உண்டு. வலிப்புக்கோ டிபிக்கோ மருந்து சாப்பிடுறவங்களுக்கு மாத்திரையும் குச்சியும் சரியா வேலை செய்யாமப் போகலாம், அவங்க காப்பர் டியோ ஊசியோ தான் பாக்கணும்.

காண்டம். இதை நம்ம ஆளுங்க மதிக்கிறதே இல்ல, ஆனா லீவு நாளைக்கு மட்டும் வேணுங்குறவங்களுக்கு இது மோசமான யோசனை இல்ல. ஒழுங்கா ஒவ்வொரு தடவையும் போட்டா வருஷத்துல 100க்கு 2 பேருக்குத் தான் தவறும், நடைமுறையில 13 பேருக்குத் தவறுது, அந்த வித்தியாசம் பூரா "இன்னைக்கு ஒரு நாள் தானே"யில போனது. வெளிய எடுத்துக்கிறேன்னு ஆம்பளைங்க சொல்றது காண்டத்தை விட மோசம், அஞ்சுல ஒரு பொம்பளை அந்த வாக்குல தான் கர்ப்பமாகுறா. செக்காலை ரோட்டுல தெரிஞ்ச மெடிக்கல்ல போயி கேக்க வெக்கம்னா ஆரம்ப சுகாதார நிலையத்துல சும்மாவே நிரோத் குடுப்பாக, நர்சுகிட்ட கேட்டாக் காகிதத்துல சுத்திக் குடுப்பா, கதை பேச மாட்டா.

இதுல யாரும் சொல்லாத ஒண்ணு இருக்கு. பால் குடுக்குற காலத்துல உடம்புல ஈஸ்ட்ரோஜன் கம்மி, கீழ வறண்டு போயிருக்கும், எரியும், வலிக்கும். தன் மேல உனக்கு ஆசை இல்லைன்னு அவுக நெனைப்பாக, ஏதோ கோளாறுன்னு நீ நெனைப்ப, ரெண்டும் இல்ல. அதுக்கு வீட்டுல கைக்கு எட்டுறது தேங்காயெண்ணெய். ஆனா காண்டம் போடுறப்ப தேங்காயெண்ணெய், வாசலின் எதையும் தடவக் கூடாது, எண்ணெய் பட்டா ரப்பர் நைஞ்சு கிழிஞ்சு போகும். தண்ணியில செஞ்ச ஜெல்லு இருக்கு, அது தான் போடணும்.

கிழிஞ்சு போச்சுன்னா 72 மணி நேரத்துக்குள்ள சாப்பிடுற அவசர மாத்திரை இருக்கு, பால் குடுக்குறவங்களும் சாப்பிடலாம், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஆனா நம்ம தமிழ்நாட்டுல நெறைய மெடிக்கல்ல அதை வச்சுக்கிறதே இல்ல, கேட்டா ஒரு மாதிரி பாப்பாக, அதனால அதை நம்பி இறங்காத. லீவுல நாலு தடவ அதையே சாப்பிட்டு ஒப்பேத்துற பொண்ணுகளைப் பாத்துருக்கேன், தீட்டு தாறுமாறாகும், தெனசரி முறைக்கு அது ஈடும் இல்ல. ஒருவேளை எல்லாத்தையும் மீறித் தங்கிருச்சுன்னா கடையில மாத்திரை வாங்கித் தானா முழுங்காத, சிசேரியன் வயிறு, டாக்டர்கிட்ட போ, கருத்தடை தவறிப்போனது கலைக்கிறதுக்குச் சட்டமே ஒத்துக்கிட்ட காரணம், திருட்டுத்தனமா செய்ய வேண்டியதில்ல.

ஆபரேஷன் உனக்கு இப்ப பேச்சே இல்ல, ஆனா நீ அடுத்த பிரசவத்துக்குப் போறப்ப டேபிள்லயே கேப்பாக, அதனால இப்பவே காதுல போட்டு வைக்கிறேன். நம்ம ஊர்ல "ஃபேமிலி பிளானிங் பண்ணியாச்சா"ன்னு கேட்டா அதுக்கு அர்த்தம் பொம்பளைக்குக் குழாயைக் கட்டியாச்சான்னு தான், வேற எதுவும் அந்தப் பேச்சுல சேராது. 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல கல்யாணமான பொம்பளைங்க 100க்கு கிட்டத்தட்ட 58 பேரு ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க, ஆம்பளை பண்ணிக்கிட்டது 0.1 சதவீதம். இதே மெட்ராஸ் மாநிலத்துல 1950, 60கள்ல ஆம்பளை ஆபரேஷன் தாராளமா நடந்துச்சு, எமர்ஜென்சியில நாட்டுல பல எடத்துல கட்டாயப்படுத்துனப்புறம் அந்தப் பேச்சே செத்துப்போச்சு. ஆம்பளைக்குத் தையல் கூட இல்ல, கால் மணி நேரம், நடந்து வீட்டுக்குப் போகலாம், பலமெல்லாம் போகாது. ஒண்ணு மட்டும், அது உடனே பலிக்காது, 3 மாசம் காண்டம் போட்டு அப்புறம் விந்து டெஸ்ட் எடுத்துப் பாத்து தான் நம்பணும். பொம்பளை ஆபரேஷனும் 200ல ஒருத்தருக்குத் தவறும், ரெண்டையும் திருப்பிச் சரி பண்றது சுலபம் இல்ல. விதிப்படி 22 வயசாவது ஆகிருக்கணும், ஒரு பிள்ளையாவது ஒரு வயசு தாண்டிருக்கணும், வீட்டுக்காரர் கையெழுத்து கட்டாயம் கெடையாது. காப்பர் டிக்கும் கெடையாது. "அவர் வந்து கையெழுத்துப் போடட்டும்"னு யாராச்சும் சொன்னா அவசியம் இல்லைன்னு மரியாதையாச் சொல்லு. நான் உத்தியோகத்துல இருந்தப்ப பக்கத்துல நின்ன மாமியா மூஞ்சியைப் பாத்து முடிவு சொன்ன பொண்ணுக தான் அதிகம், அதனால பிரஷர் பாக்கணும்னு சாக்குச் சொல்லி அவளை மட்டும் தனியா உள்ள கூப்பிட்டுருவேன்.

உனக்கு நான் சொல்றது: பிள்ளைக்கு அடுத்த தடுப்பூசி மூணரை மாசத்துல வருது, அந்தப் புதன்கிழமையே டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கிட்டு போ, உனக்கும் பிரஷர் பாரு, ரத்தம் பாரு. ரத்தம் 10க்கு மேல இருந்தா காப்பர் டி அன்னைக்கே கேளு, அப்பவே போட்டுட்டா தீவாளிக்குள்ள மொத வலியெல்லாம் ஆறிப்போயிருக்கும், நழுவுனாலும் தெரிஞ்சுக்க நாளிருக்கு. ரத்தம் கம்மின்னாலோ மனசு ஒப்பலைன்னாலோ சாயா, கூடவே இந்த லீவுக்கு மட்டும் காண்டமும் வச்சுக்க. அயித்தைகிட்ட சண்டைக்குப் போகாத, "டாக்டர் சிசேரியனுக்காகச் சொல்லிருக்காக"ன்னு சொல்லு, சிசேரியன்னா அவுகளும் பேச மாட்டாக.

அவுககிட்ட மட்டும் இன்னைக்கு ராத்திரியே போன்ல பேசிரு, வந்து இறங்குனப்புறம் பேசுற பேச்சில்ல இது. அப்பிடியே வாங்கிட்டு வர்ற லிஸ்ட்ல கோடாலித் தைலத்துக்குப் பக்கத்துல அந்தத் தண்ணி ஜெல்லையும் ஒண்ணு எழுதி விடு, இங்க கேட்டா மூணு கடை ஏறி இறங்கணும், அங்க சாதாரணமா மருந்துக்கடை அலமாரியிலயே இருக்கும்.